இரண்டு தரம் சொன்ன கேள்வி

இன்று காலை மோர் கடைய மத்தை எடுத்தேன். நீ போன பிறகு அது ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை கழுவியும் புளித்த தயிர் வாசம் அதை விட்டுப் போகவில்லை. கையில் பிடித்ததும் வாய் தானாக, "திஸ் இஸ் எ லாம்ப்" என்றது. இல்லையென்று சொல்ல நீ இல்லை. மத்தை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணமாகிச் சில வருஷங்களில் நீ இளைக்கத் தொடங்கினாய். கேட்டால், "ஒண்ணுமில்லே" என்பாய். பெரிய காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரிக்குச் சீமையிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்திருந்தாள். உன்னை வற்புறுத்தி ஜட்காவில் அழைத்துப்போனேன். அவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. கம்பவுண்டர்தான் நடுவில் நின்றார். "எங்க வலிக்குதுன்னு சொல்லும்மா. நான் டாக்டரம்மாவுக்குச் சொல்றேன்" என்றார், தன்மையாகத்தான். நீ புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே நின்றாய். போனபடியே திரும்பி வந்தோம்.

வண்டியில், "என்கிட்டயாவது சொல்லேண்டி" என்றேன்.

"உங்ககிட்ட சொல்லவே நாக்கு கூசறது. அந்த மனுஷர்கிட்ட எப்படிச் சொல்வேன்?"

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் நான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டரிடம் நீயே நேராகப் பேச வேண்டும், வேறு வழியில்லை. மறுநாளே அடுக்களையில் பாடம் ஆரம்பமாயிற்று.

நல்ல பாடம் போ. தென்னேரியில் உன் அப்பா பிள்ளைகளுக்குப் பாசுரம் சொல்லிவைப்பவர். அவர் ஒரு தரம் சொல்ல, பிள்ளைகள் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டே வளர்ந்தவள் நீ. நான் மத்தைக் காட்டி, "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டேன். நீ கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ராகம் பிசகாமல், "வாட் இஸ் திஸ், வாட் இஸ் திஸ்" என்றாய். எதைக் கேட்டாலும் கேட்டதே இரண்டு தரம் திரும்பி வந்தது. எட்டிப் பார்த்த அம்மா, "என்னடா, இவளுக்கு ஏதாவது மந்திரோபதேசமா?" என்றாள்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. "தப்பா இருந்தாலும் பரவாயில்லை, நீயா ஒரு வார்த்தை சொல்லு" என்று கெஞ்சினேன். "தப்பாச் சொன்னா அபசாரமில்லையோ?" என்றாய். ஓர் எழுத்துப் பிசகினாலும் உன் அப்பா முதலிலிருந்து சொல்ல வைப்பாராம்.

சரி, தப்பை நானே செய்துவிடுகிறேன் என்று தீர்மானித்தேன். மத்தைத் தூக்கிப் பிடித்து, "திஸ் இஸ் எ லாம்ப்" என்றேன். விளக்குக்கு இங்கிலீஷில் என்னவென்று உனக்குச் சொல்லியிருந்தேன். உன் உதடு அசைந்தது. போச்சு, இதையும் திருப்பிச் சொல்லப்போகிறாய் என்று நினைத்தேன். நீ மாடத்து விளக்கைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "நோ" என்றாய். தமிழில் என்னை ஒரு நாளும் மறுத்துப் பேசாதவள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாய். நான் சிரித்த சிரிப்பில் அம்மா மறுபடி எட்டிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு உன்னை யார் பிடிப்பது? உப்புக்கு என்ன, புளிக்கு என்ன என்று கேட்டுக்கொண்டே வருவாய். ஒரு நாள் அடுப்பைப் பார்த்தபடி, "ரத்தத்துக்கு என்ன?" என்றாய். சற்றுக் கழித்து, "நிக்கவே மாட்டேங்கறதுன்னா எப்படிச் சொல்லணும்?" என்றாய். ஒன்றும் நடவாதவன் போலச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கொல்லைக் கிணற்றடியில் போய் நின்றேன். உன் நோயை நான் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

ஆஸ்பத்திரியில் இந்த முறை திரைக்கு வெளியே நின்றேன். டாக்டர் ஏதோ கேட்டாள். பெருமாளே, கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிடப்போகிறாளே என்று திரையை ஒட்டிப் போய் நின்றேன். அப்போது உன் குரல் கேட்டது. "நோ. நாட் தேர். ஹியர்." பிறகு மெதுவாக என்னென்னவோ சொன்னாய். அது நான் கேட்கவேண்டியதில்லை என்று வண்டிக்காரர் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அந்த வைத்தியம் நமக்குப் பல வருஷங்களைக் கொடுத்தது. இப்போதும் வகுப்பில் வாய் திறக்காத பையன்கள் முன்னால் சாக்குக்கட்டியைக் காட்டி, "திஸ் இஸ் எ மேங்கோ" என்கிறேன். கடைசி பெஞ்சிலிருந்துகூட "நோ சார்" என்று குரல் வந்துவிடுகிறது. என்னிடம் இருக்கிற வித்தை இது ஒன்றுதான். உன்னிடம் கற்றது.

வியாதி திரும்பி வந்தபோது யாராலும் ஒன்றும் முடியவில்லை. கடைசி நாள் காலையில் கூடம் நிறைய உறவுக்காரர்கள். வலிக்கிறதா என்று அவர்களுக்குப் புரியாமல் கேட்டேன்: "ஆர் யூ இன் பெயின்?"

நீ கண்ணைத் திறந்தாய். பதில் சொல்லத் தெரியாதவளா நீ? என்னையே பார்த்துக்கொண்டு, அந்தப் பழைய ராகத்தில், "ஆர் யூ இன் பெயின், ஆர் யூ இன் பெயின்" என்றாய். முதல் தரம் விளையாட்டாக இருந்தது. இரண்டாம் தரம் என்னைத்தான் கேட்டாய். வாயைத் திறந்தால் அத்தனை பேர் முன்னால் அழுதுவிடுவேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தக் கேள்வி என்னிடமே இருக்கிறது. மோர் இன்னும் கடையவில்லை, மத்து பக்கத்தில் கிடக்கிறது. வீட்டில் வேறு யாருமில்லை. இப்போது சொல்கிறேன். யெஸ்.