நீ கழற்றிவிட்ட பல்பு

மச்சான்,

இன்று காலை சாவியைத் திருப்பியதும் டிராக்டரின் முகப்பில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. பற்றரிப் படம் போட்ட, நகமளவு வெளிச்சம். அதைக் கண்டதும் உன்னை வாய்க்கு வந்தபடி பேசினேன். காரில் பனி சுரண்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், நான் யாரோடு சண்டை பிடிக்கிறேன் என்று சுற்றிமுற்றிப் பார்த்தார். செத்துப்போனவனோடு என்று சொல்லுமளவுக்கு எனக்குப் பிரெஞ்சு வராது. "பொன்ஜூர்" என்றேன். அவரும் பாவம், "பொன்ஜூர்" என்றார்.

நீ போய் இது முதல் பனி மாரி. வசந்தத்தில், ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்தாய் என்றார்கள். செத்தவீட்டில் உன் மனைவி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். துக்கம் என்று நினைத்தேன். பிறகு என் மனைவி எடுத்த போனுக்கும் பதிலில்லை. இலையுதிர் காலத்தில், வழக்கம்போல நாங்கள் டிராக்டரால் பனி அள்ளும் வீடுகளுக்கெல்லாம், பனிக்குள் வாசல் ஓரம் தெரிய அடையாளக் கம்பு நட்டுக்கொண்டு பியர்பொன்ட்ஸில் உன் வீட்டுக்கு வந்தால், உன் புல்தரையில் வேறு கொம்பனியின் செம்மஞ்சள் கம்புகள் நிற்கின்றன. உன் வாசலில் மச்சான். நம்முடைய டிராக்டரில் பாதிக்குச் சொந்தக்காரி, வேறு ஆளைப் பிடித்திருக்கிறாள். என் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு வேலி அடைக்க வந்தவன் மாதிரி நின்றேன். நான் என்ன பிழை செய்தேன் என்பது மட்டும் விளங்கவில்லை. அது விளங்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள், "அப்பா, நேரே போய்க் கேளுங்கோவன்" என்றாள். கேட்கிற முகமா எனக்கு?

பனி கொட்டத் தொடங்கியது. நீ இருந்தவரை சீற் உனக்கு, பனி அள்ளும் சவள் எனக்கு. நீ ஓட்டுவாய், நான் பின்னால் படிகளை வழித்துக்கொண்டு வருவேன். இப்போது இரண்டும் நான். இரண்டாவது நாளே பற்றரி இறங்கிப் போனது. புதுப் பற்றரி வாங்கினேன். அதுவும் செத்தது. பெல்ற்றை இறுக்கினேன். பற்றரியின் முனைகளைச் சுரண்டிக் கழுவினேன். மீற்றர் இரவல் வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போதும் ஊசி ஏறவில்லை. அப்படியென்றால் மின்சாரம் உண்டாக்கிப் பற்றரிக்கு அனுப்பும் அல்டனேற்றர்தான் போய்விட்டது என்று, அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மெற்றோவில் லொங்குய்யில் உள்ள திருத்துகிற கடை வரைக்கும் போனேன். பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோகிறவன் மாதிரி. பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு சீற்றுக்குப் போனாள்.

கடைக்காரர் அதைச் சுழற்றிப் பார்த்துவிட்டு "சே கொறெக்ட்" என்றார். ஒரு குறையும் இல்லையாம்.

"எஞ்சின் ஓடும்போது சிவப்பு விளக்கு எரியுதா?" என்று, என் பிரெஞ்சைக் கண்டு ஆங்கிலத்துக்கு மாறிக் கேட்டார்.

"ஒருநாளும் எரிஞ்சதில்லை" என்றேன், பெருமையாக.

"ஸ்டார்ட் பண்ண முன்னம், சாவியை மட்டும் திருப்பினால்?"

"அப்பவும் இல்லை. விளக்கில ஒரு பிரச்சினையும் இல்லை."

அந்த மனிதர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. பிறகு பொறுமையாக விளக்கினார். அந்தப் பல்பு எச்சரிக்க மட்டும் இல்லையாம். அதன் வழியாகக் கொஞ்ச மின்சாரம் போய்த்தான் அல்டனேற்றரைத் தட்டி எழுப்புமாம். பல்பு இல்லாவிட்டால் அது தூக்கத்திலேயே சுழலும். எஞ்சினைப் பலமாக உறும விட்டால் சிலவேளை தானாக விழித்துக்கொள்ளும்.

அப்போதுதான் விளங்கியது. நீ ஸ்டார்ட் பண்ணியவுடன் தெருவே எழும்புமாறு உறும விடுவாய். "இது என்ரை மெசினுக்குச் சங்கீதமடா" என்பாய். நான் அயலவருக்குப் பயந்து, பூனை நடப்பது போல ஓட்டுகிறவன். போன மாரி முழுவதும் நீ பல்பு இல்லாமல்தான் ஓட்டியிருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து அல்டனேற்றரைத் திரும்பப் பூட்டிவிட்டு முகப்பைத் திறந்தேன். பல்பு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. வயர் நுனிகளில் ஒட்டும் ரேப் வடிவாகச் சுற்றியிருந்தது. தவறி விழுந்ததில்லை, கழற்றியது. அந்தக் கோபத்தில்தான் உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். பல்பு கடையில் வாங்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

உன் மனைவி கதவைப் பாதி திறந்தாள். டிராக்டரில் ஒரு பல்பைக் காணவில்லை என்றேன்.

"அந்தச் சிவப்புப் பல்போ? கராஜ் மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. அரைகுறையா எரிஞ்சு கண்ணைக் குத்துது எண்டு கழட்டிக்கொண்டு வந்தவர்."

எடுத்து வந்து தந்தாள். நான் திரும்பி நடக்கப் பார்த்தேன். பின்னால் இருந்து குரல் வந்தது.

"ஏன் அண்ணை, டொக்டர் சொன்னதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எந்த டொக்டர்?"

"நெஞ்சைத் தடவிக்கொண்டு திரிஞ்சவர், நான் பிடிச்சுக் கேட்டனான். நீங்கள் கூட்டிக்கொண்டு போனதாம், டொக்டர் வெறும் வாயு எண்டதாம். நம்பாட்டி உங்களையே கேள் எண்டவர். நான் கேக்கேல்லை. நீங்கள் கூட இருந்தனீங்கள்தானே எண்டு நிம்மதியா இருந்திட்டன். பேந்து இப்பிடி நடந்தாப் பிறகு, ரெண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைச்சிட்டீங்கள் எண்டுதானே நான் நினைப்பன்?"

மச்சான், கதவடியில் நான் நின்ற நிலையை நீ பார்த்திருக்க வேண்டும். மாதக்கணக்காக நான் செய்யாத குற்றத்துக்கு எனக்குத் தண்டனை. குற்றப்பத்திரிகை எழுதியது நீ. ஒரு கணம், இருக்கட்டும், செத்தவன் பெயரைக் கெடுப்பானேன், ஓம் என்று சொல்லிவிட்டுப் போவோம் என்றுகூட நினைத்தேன். ஆனால் உன் மனைவி வாசலில் குளிருக்குள் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இன்னொரு ஆளும் பொய் சொல்ல வேண்டுமா?

"தங்கச்சி, நான் கூட்டிக்கொண்டு போகேல்லை. அவன் என்னட்ட ஒரு வார்த்தை சொல்லேல்லை. நெஞ்சு நோ எண்டே எனக்குத் தெரியாது."

அவள் கதவை முழுவதும் திறந்தாள். உள்ளே வரச் சொன்னாளா, கதவைப் பிடிக்கப் பலமில்லாமல் விட்டாளா, தெரியவில்லை.

"அப்ப டொக்டரிட்ட போகவே இல்லையோ?"

"போயிருந்தால் எனக்கெல்லோ தெரிஞ்சிருக்கும்."

சப்பாத்து வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் நிலத்தில் அப்படியே குந்திவிட்டாள். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. "விசரன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு நாளும் உங்களையெல்லோ மனசுக்குள்ள வைச்சுப் பேசினனான் அண்ணை" என்றாள்.

"அது காரியமில்லை. இனிச் சரியான ஆளைப் பேசுவம்" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

வீட்டுக்கு வந்து பல்பைப் பூட்டினேன். சாவியைத் திருப்ப எரிந்தது. ஸ்டார்ட் பண்ணினேன், மங்கியது, ஆனால் முழுதாக அணையவில்லை. உன் கண்ணைக் குத்திய அதே அரைகுறை வெளிச்சம். கையை விட்டுத் தடவினேன். அல்டனேற்றருக்குப் பின்னால், பற்றரிக்குப் போகும் தடித்த வயரின் நுனி, கழற்றும்போது நான் விலக்கிப் பார்க்காத ரப்பர் உறைக்குள், தெரு உப்பில் பச்சை பிடித்து உளுத்துப் போயிருந்தது. அவ்வளவுதான். பற்றரியைக் கழற்றிவிட்டு, கத்தியால் சுரண்டி, புது நுனி போட்டு முறுக்கினேன். திரும்ப ஸ்டார்ட் பண்ண விளக்கு அணைந்தது. ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரத்து வேலை. ஓ.எல். சோதனையில் விஞ்ஞானத்தைக் கோட்டை விட்ட நானே செய்து முடித்தேன். அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். நீ பார்க்கவில்லை, பார்க்கிறவர்களையும் விடவில்லை.

இறந்தவன்மேல் கோபம் ஆகாது என்று கோயிலில் ஐயர் சொன்னார். அவருக்கு உன்னைத் தெரியாது. எனக்கு ஆறவில்லை, ஆற்றுகிற எண்ணமும் இல்லை. சனிக்கிழமைகளில் நானும் மனைவியும் உன் வீட்டுக்குப் போகிறோம். மூன்று பேரும் இருந்து உன்னைத் திட்டுகிறோம். உன் மனைவிதான் எங்களில் கெட்டிக்காரி.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. நீ சொன்ன அந்தப் பொய்யை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அதில் நான் வேலையை விட்டுவிட்டு உன்னை ஏற்றிக்கொண்டு போகிறேன். டொக்டரின் வாசலில் உன் ஜக்கெற்றை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். நல்ல சிநேகிதன். பொய் சொல்லும்போதுகூட, உன்னைக் கூட்டிப்போன ஆளாக உன் வாய்க்கு வந்த பெயர் என்னுடையது. அந்த ஆளாக இருக்க நான் என்றைக்கும் ஆயத்தமாகத்தான் இருந்தேனடா. நீ கேட்கவில்லை.