பணியில் உள்ளார்

ஜனவரி 9

என் அருமை வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். "நீ பேசியே ஆளைக் கவுத்துடுவே" என்று சொன்னவனாயிற்றே நீ! சரி, காகிதம் யாரையும் கவிழ்க்காது, படி.

எங்கள் பல்கலைக்கழகம் கல்யாண வீடு மாதிரி அமளிப்படுகிறது. பிப்ரவரியில் தர ஆய்வுக் குழு வருகிறது, தரச்சான்றைப் புதுப்பித்தாக வேண்டும். மொத்த வேலையும் என் தலையில். சுவருக்கு வெள்ளை, வராண்டாவுக்கு வாடகைப் பூந்தொட்டி, ஐந்து வருடமாக நடக்காத கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு. ஒரே மையில் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று வேறு வேறு பேனா வைத்துக்கொண்டு நானே எழுதுகிறேன். கை ஒடிகிறது. சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். உன் வேதியியல் துறையில் டாக்டர் பட்டம் வாங்கிய ஆசிரியர் ஒருவர் குறைகிறார். போன ஜூனில் நீ கோபித்துக்கொண்டு கொடுத்த ராஜினாமாவை யாரும் ஏற்கவே இல்லை. துணைவேந்தரின் மேசை இழுப்பறையில் தூங்குகிறது. ஆக, எங்கள் பதிவேட்டில் நீ இன்னும் பணியில் இருக்கிறாய். குழு வரும் மூன்று நாள் மட்டும் உன் பழைய அறையில் வந்து உட்கார். உன் விடுவிப்பு ஆணையை நானே வாங்கிக் கையில் தருகிறேன். போய்ச்சேர்ந்த அம்மா மேல் சத்தியம்.

மெலிந்துவிட்டாய் என்று உன் மனைவி சொன்னாள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜனவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மெலியவில்லை, வேலையில்லாதவன் சட்டை தொளதொளவென்றுதான் இருக்கும்.

ஆய்வகத்தில் இல்லாத கருவிகளை இருப்பதாக எழுதச் சொன்னார்கள் என்றுதான் வெளியே வந்தேன். இப்போது இல்லாத என்னையே இருப்பதாக எழுதியிருக்கிறாய். நல்ல முன்னேற்றம்.

ஆனால் என் கழுத்தில் கத்தி இருக்கிறது. இங்கே புதுக் கல்லூரியில் மார்ச் முடியும்வரை எனக்காக இடத்தை வைத்திருப்பார்கள். பழைய இடத்து விடுவிப்பு ஆணை இல்லாமல் சேர்க்க முடியாது என்று முதல்வர் கறாராகச் சொல்லிவிட்டார். அதற்காக நான் உங்கள் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தது உனக்கே தெரியும்.

அதனால் வருகிறேன். உனக்காகவும்தான், மறைப்பானேன்? நீ கேட்டு நான் எதை மாட்டேன் என்றிருக்கிறேன்? உட்காரச் சொன்னாய், உட்காருகிறேன். வாயைத் திறக்கச் சொல்லாதே.

உன் தம்பி

ஜனவரி 22

அடேய் வாலு,

என் வயிற்றில் பாலை வார்த்தாய்! நீ வாயே திறக்க வேண்டாம். யார் என்ன கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். அறைக் கதவில் பெயர்ப்பலகை மாட்டியாகிவிட்டது. மேசையின் ஒரு கால் ஆடுகிறது, அட்டை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன், சாய்ந்து தொலைக்காதே. அந்த நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வா.

துணைவேந்தர் நேற்று, "இது ஒழுங்கா முடியட்டும், பதிவாளர் நாற்காலி உங்களுக்குத்தாம்மா" என்றார். கல்யாணமும் வேண்டாம், காட்சியும் வேண்டாம் என்று இந்தக் கட்டடத்துக்கே மாடாய் உழைத்தவள் நான். ஆசைப்படக் கூடாதா? தரச்சான்று போனால் இங்கே படிக்கிற பிள்ளைகளின் பட்டத்தையும் ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். அதையும் நினைத்துப் பார்.

உன் அக்கா

பிப்ரவரி 20

அக்கா,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை.

குழுவில் வந்த அந்த நரைத்த தாடிப் பேராசிரியர் நல்ல மனுஷன். பாடத்திட்டக் கூட்டத்தின் குறிப்பைப் புரட்டிவிட்டு, "அருமையான விவாதமா இருக்கே! நீங்களும் இருந்தீங்களா தம்பி?" என்று என்னிடம் நீட்டினார். பச்சை மை, உன் கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். நாம் அம்மாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன நாள்.

நீயும் பார்த்துவிட்டாய். உன் முகம் வெளிறியது எனக்குத் தெரியும். ஏதாவது சொல்வாய், 'தேதி தப்பா விழுந்திருக்கு சார்' என்றாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சிரித்தாய். "ஆமா சார், ரெண்டு பேரும் இருந்தோம். அன்னிக்கு இவன்தான் நிறையப் பேசினான்" என்றாய்.

அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அக்கா. நீ என் தோளில் விழுந்து அழுதுகொண்டிருந்தாய்.

நானும் தலையை ஆட்டினேன். அந்த ஆணைக்காக ஆட்டினேன். சீ என்றிருக்கிறது. ஆணையை எப்போது அனுப்புகிறாய்?

தம்பி

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

வேண்டுமென்றா செய்தேன்? ஞாயிறு, விடுமுறை எல்லாம் தவிர்த்துத் தேதி தேடிக்கொண்டிருந்தேன். அந்தத் தேதி மட்டும் பழகின தேதியாக மனசில் நின்றது. ஏதோ நிஜமாகவே கூட்டம் நடந்த நாள் போலிருக்கிறது என்று எழுதிவிட்டேன். எதனால் பழக்கம் என்று யோசிக்கவில்லை, பாவி. அந்தப் பேராசிரியர் முன்னால் மாற்றிச் சொல்லியிருந்தால் அந்த ஒரு தேதியோடா நின்றிருக்கும்? அத்தனை கூட்டமும் சந்தி சிரித்திருக்கும். அம்மா இருந்தால் என்னைப் புரிந்துகொண்டிருப்பாள்.

உயர்ந்த தரம் கிடைத்துவிட்டது. நான் பொறுப்புப் பதிவாளர் ஆகிவிட்டேன். முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது.

ஆணை விஷயம். தரச்சான்று வந்த கையோடு உன்னை விடுவித்தால் சந்தேகம் வரும், ஒரு வருடம் போகட்டும் என்கிறார் துணைவேந்தர். கையெழுத்துப் போட வேண்டியவள் இப்போது நான்தான். போட்டால் இந்த நாற்காலி போய்விடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளடா, ராஜா. உனக்கு வேறு கல்லூரி கிடைக்காதா?

உன் அக்கா

மார்ச் 29

அன்புடையீர்,

வேதியியல் துறை உதவிப் பேராசிரியராகப் பணிபுரியும் தாங்கள், பிப்ரவரி மாத ஆய்வுக்குப் பின் முன்னனுமதியின்றிப் பணிக்கு வரவில்லை. இக்குறிப்பாணை கிடைத்த ஒரு வாரத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்க வேண்டும். தவறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.

பதிவாளர் (பொறுப்பு)

கோப்புக்காக அனுப்புகிறதுடா, மனசில் வைத்துக்கொள்ளாதே. உடம்பு சரியில்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்பு, போதும். — அக்கா

ஏப்ரல் 3

பெறுநர்: பதிவாளர் (பொறுப்பு)

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் குறிப்பாணை கிடைத்தது. கேட்ட விளக்கம் பின்வருமாறு.

நான் போன ஜூன் மாதமே வேலையை விட்டுவிட்டேன். பிப்ரவரியில் மூன்று நாள் அங்கே வந்தது வேலைக்கு அல்ல, வேடத்துக்கு. பாடத்திட்டக் கூட்டம் நடந்ததாக எழுதியிருக்கும் நாளில் நான் என் தாயாரின் இறுதிச் சடங்கில் இருந்தேன். இறப்புச் சான்றிதழின் பிரதியை இணைத்திருக்கிறேன். அன்று தாங்களும் அங்கேதான் இருந்தீர்கள். கேட்டபோது உண்மையைச் சொல்லாமல் தலையாட்டியது என் குற்றம். அதற்கு என்ன நடவடிக்கை வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

புதுக் கல்லூரியில் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே விடுவிப்பு ஆணை இனி எனக்குத் தேவைப்படாது. தங்களைத் தொந்தரவு செய்ய எனக்கு வேறு காரணமும் இல்லை.

இப்படிக்கு,
முன்னாள் உதவிப் பேராசிரியர்

நகல்: தர ஆய்வுக் குழுத் தலைவர் அவர்களுக்கு