பிரிஸ்கில்லா வெட்டிக்கொண்ட ஈறு

கொட்டச்சேடு
ஞாயிறு, பூசை முடிந்து

அன்புக் கண்ணு பிரிஸ்கில்லாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா தயவில் அப்பா, தங்கை ஷெர்லின், நான் மூன்று பேரும் சுகம். புனேயில் நீ சுகமாக இருப்பதை உன் வாட்ஸ்அப் படம் மாறும்போதுதான் தெரிந்துகொள்கிறேன். மூன்று வாரமாக நீ என் போனை எடுக்கவில்லை, அதில் தப்பில்லை. போனில் என் வாய் முந்திக்கொள்கிறது, அதனால்தான் நான் சொல்லச் சொல்ல ஷெர்லினை எழுத வைக்கிறேன். ஒன்பதாவதோடு நின்றாலும் அவள் கையெழுத்து உனக்குப் புரியும். இங்கே மிளகு பறிப்பு நடக்கிறது, அப்பாவுக்கு ஏணி ஏறினால் முழங்கால் வலிக்கிறது, வேண்டாம் என்றால் கேட்பதில்லை, நீ சொன்னால் கேட்பார்.

சிரித்தால் தெரியும் ஈறை வெட்டிக் குறைக்கிற ஆபரேஷன் செய்துகொண்டு, நீ வாய் நிறையச் சிரித்து அனுப்பிய போட்டோவைப் பார்த்து, "யாரு சாமி இது, எம்புள்ளையாட்டவே இல்லியே" என்று போனில் உன்னிடமே கேட்டேன். ஒரு வாரம் கஞ்சியும் தயிர்சாதமுமாக இருந்து, வீக்கம் வடிந்ததும் முதல் போட்டோவை எனக்குத்தான் அனுப்பினாய் என்று ஷெர்லின் பிறகுதான் சொன்னாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கோயிலில் நீ புதுநன்மை வாங்கிய அன்று போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னபோது, "எகிறு தெரியுது, வாய மூடு கண்ணு" என்று எல்லார் முன்னாலும் சொன்னதும் நான்தான். அதற்குப் பிறகு எந்தப் போட்டோவிலும் நீ பல் காட்டவில்லை. ஓட்டல் வரவேற்பில் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டு நிற்கும் வேலையில் சேர்ந்தாயே, எப்படிச் சமாளித்தாய் என்று ஒரு நாளாவது கேட்டேனா.

போன வாரம் என் முன்பல் இரண்டும் ஆடுகிறதென்று ஷெர்லினோடு சேலத்தில் பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கூச்சத்தில் வாசலோடு நின்றுவிட்டாள், நானே உள்ளே போய்ப் பேசினேன். ஈறில் ரத்தம் வந்ததிலிருந்து அந்தப் பக்கம் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டேன், பறிப்புக் குளிருக்குப் புகையிலையும் அங்கேயேதான் ஒதுக்குவேன் என்றேன். அந்த டாக்டரம்மா உன்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவள். "ஏனுங்கம்மா, அழுக்கு சேர்றதாலதானுங்க ரத்தமே வருது, அத உட்டுட்டுத் தேச்சா என்னாகும்?" என்றாள். ஈறு இறங்கி, உள்ளே எலும்பும் கரைந்துவிட்டதாம், இரண்டு பல்லையும் எடுக்கத்தான் வேண்டுமாம். சின்ன வயதில் உனக்கு ரத்தம் வந்தபோதும் அந்தப் பக்கம் தொடாதே என்றுதானே சொல்லிக்கொடுத்தேன். அதை மறந்துவிடு கண்ணு. உன் டாக்டர் சொன்ன நாள் முடிந்ததும் மெத்தென்ற பிரஷை ஈறு ஓரம் சாய்த்து, அழுத்தாமல் தேய். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பல்லைச் சுத்தம் செய்துகொள், ரத்தம் வந்தால் ஒளிக்காமல் போய்க் காட்டு. உன் ஆபரேஷனைப் பற்றியும் கேட்டேன். கூடுதலாக இருந்த ஈறைத்தான் எடுத்திருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றாள்.

ஆனால் போட்டோவைப் பார்த்து யார் இது என்று நான் கேட்டது பயத்தில் இல்லை. அந்த ஈறு என்னுடையது, என்னிடமிருந்து உனக்கு வந்தது. கல்யாணமாகி எஸ்டேட்டுக்கு வந்த புதிதில் பறிக்கிற பெண்கள் என்னை எகிறுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். "எகிறுக்காரி சிரிச்சா செடியில செவந்திருக்கற காப்பிப் பழமெல்லாம் வெளுத்துப்போகும்" என்று குப்பாயி சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். அன்று வாய்மேல் வைத்த கையை இன்றுவரை எடுக்கவில்லை, என் சிரிப்பை உன் அப்பாவே முழுதாகப் பார்த்ததில்லை. அந்தப் பேர் உனக்கும் வந்துவிடக் கூடாதென்றுதான் வாயை மூடச் சொன்னேன், அவர்கள் எனக்குச் செய்ததை நானே முந்திக்கொண்டு உனக்குச் செய்துவிட்டேன் என்று அப்போது புரியவில்லை. போட்டோவில் அது இல்லை என்றதும், என்னைத்தான் வெட்டி எறிந்துவிட்டாய் என்று நினைத்தேன். பிள்ளையைப் பார்க்காமல் ஈறைப் பார்த்துவிட்டேன். நீ அழகாக இருக்கிறாய் கண்ணு. அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தோணியார் உன்னைக் காக்கட்டும், நல்ல வேலையும் நல்ல மனிதர்களும் உனக்கு அமையட்டும். சூடாகக் காப்பி குடிக்காதே, ஆறவைத்துக் குடி. எனக்கு இருபத்தெட்டாம் தேதி பல் எடுக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு தரம் வீடியோ காலில் வா. நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை. உனக்கு மட்டும் கையை எடுத்துவிட்டுச் சிரித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா ஜெயமேரி
(எழுதியது ஷெர்லின்)