பின்னறையில் இருந்த அரிசி

காக்கா,

இன்று காலை புளியந்தீவில் ஒரு கடை வாசலில் புழுங்கலரிசி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மணத்துக்காகச் சற்று நின்றேன். "உள்ள இன்னும் எவ்வளவு கிடக்குது?" என்று லொறிக்காரர் கேட்டார். "கிடக்குது, அவசரமில்ல" என்றார் கடைக்காரர். உங்கள் ஏறாவூர் ஆலையிலிருந்து இங்கே என் கடைக்கு அரிசி வந்த காலத்தில், இருந்தாலும் இல்லாவிட்டாலும் நானும் இதையே சொல்வேன்.

அது வியாபார வழக்கம். கடையில் அரிசி தீர்வது தெரிந்தால் ஆலைக்காரர் விலையை ஏற்றுவார். ஆலையில் நெல் குவிந்திருப்பது தெரிந்தால் கடைக்காரர் குறைத்துக் கேட்பார். ஆகவே நாம் இருவரும் மரியாதையாகப் பொய் சொல்லிக்கொண்டோம்.

சண்டைக் காலம். பாதை எப்போது பூட்டும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பகல் நீங்கள் லொறியிலிருந்து இறங்கியதுமே சொன்னீர்கள்: "மாஸ்டர், கிரான் வட்டை வயல்கள்ல இருந்து இனி நெல்லு வராது. ஆலையில மிஞ்சினது இந்த லொறியில உள்ளதுதான். நான் மறைக்காமச் சொல்லிட்டன். இனி நீங்க சொல்லுங்க." பட்டம் படித்துவிட்டுப் பலசரக்கு விற்றவனை நீங்கள் கேலியாக மாஸ்டர் என்றுதான் அழைப்பீர்கள்; நான் உங்களை, உங்கள் ஊரில் அண்ணனை அழைப்பதுபோல, காக்கா என்பேன்.

மூட்டைகள் அடுக்கியிருந்த பின்னறையின் கதவைத் திறந்துவிட்டேன்.

"மெய்யாவே கிடக்குதே! நான் இவ்வளவு நாளும் பொய்யெண்டெல்லோ நினைச்சன்" என்று சிரித்தீர்கள். பிறகு லொறியில் ஏறினீர்கள். "அப்ப இஞ்ச இறக்க மாட்டன் மாஸ்டர். பாலத்துக்கு அங்கால கல்லடிக் கடையில ஒரு மணி அரிசி இல்ல."

எனக்கென்று வந்த அரிசி பாலத்தைக் கடந்து போனது. மறுநாள் பாதை பூட்டியது.

மூட்டையாக விற்பதை நிறுத்தி, வீட்டுக்கு இத்தனை சுண்டு என்று அளந்து கொடுத்தேன். "வந்த லொறிய வாசலோட அனுப்பின மகராசன்" என்று அடுத்த வீட்டு அம்மா எனக்குக் கேட்கவே சொன்னார். ஒழுங்கை வீடுகளில் யாருடைய அடுப்பு முதலில் அணையும் என்ற பயத்தோடு ஒவ்வொரு நாளும் கடை திறந்தேன். கடைசி மூட்டையைப் பிரித்த பிறகே பாதை திறந்தது.

"என்னைத் திட்டினீங்களா?" என்று வந்ததும் கேட்டீர்கள்.

"ஓம்."

"திட்டுங்க. கல்லடியில சோறு வெந்தது."

அன்று கதவைத் திறந்தது துணிவினாலா, பதில் தெரியாமலா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய்ப் பல காலம். நான் இப்போதும் கோழைதான், காக்கா. ஆனால் யாரும் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு பயப்படுகிறேன்.