பூவாரில் நீ திறந்த பின் கதவு

இன்று காலை தனுவச்சபுரத்திலிருந்து ஒருவர் தன் காருக்குப் பெரிய ஸ்டீரியோ பொருத்த வந்தார். தடித்த கேபிளின் முனையில் ஈயத்தை உருக்கினேன். அந்த வாசனை எழுந்ததும் என் கை நின்றுவிட்டது. நீ செத்துப்போனபின் வரும் முதல் மழைக்காலம் இது.

பல வருடங்களுக்கு முன்பு துபாயிலிருந்து நீ வந்தபோது உன் அம்மையை அடக்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. உனக்குச் செய்தி பிந்தித்தான் கிடைத்தது. வந்த கையோடு ஒரு பழைய அம்பாசடரை வாங்கி, கொண்டுவந்த ஸ்டீரியோவையும் ஆம்ப்ளிஃபயரையும் அதில் மாட்டச் சொல்லி, பாறசாலையில் என் பட்டறைக்கு வந்தாய். துக்க வீட்டில் இவனுக்குப் பாட்டா என்று ஊரில் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாட்டி முடித்து ஒலியைக் கூட்டியதும் ஹெட்லைட் மங்கியது. எஞ்சின் வேகம் ஏற ஏற ஸ்பீக்கரில் ஒரு முனகலும் ஏறியது.

"இந்த இரைச்சல் போவணும் மக்கா," என்றாய். "பாட்டு கேக்கதுக்கு இல்ல."

சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தாய். கடிதத்துக்குப் பதிலாக அம்மை கடைசியாகப் பேசிப் பதிந்து துபாய்க்கு அனுப்பியது. "இதுல அம்மைக்குப் பின்னால ஒரு ஆளு விளிக்குது. சின்ன டேப்பில தெளியல்ல. வீட்டுல கரண்டும் இல்ல. யாருண்ணு எனக்குத் தெரியணும்."

கரண்ட் போதாத பழைய டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் மாட்டினேன். டிக்கியில் இரண்டாவது பேட்டரி வைத்து, அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்குத் தடித்த கேபிள் இழுத்து, முனைகளை ஈயம் உருக்கிப் பற்றவைத்து, நடுவே ஃபியூஸ் போட்டேன். எர்த் வயர் பிடிக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பைப் பளிச்சென்று ஆக்கியதும் முனகல் அடங்கியது.

ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வேண்டும் என்று ஆறு கடலில் சேரும் பூவார் பொழிமுகத்துக்கு ஓட்டினாய். உச்சி வெயில். கேசட் சுழன்றது.

"நாம குடியிருக்க மண்ணு, குடிகிடப்பு பத்து சென்ட்டும் நமக்க பேருக்கு ஆச்சு மக்கா. இனி ஒருத்தனும் நம்மள இறக்கிவிட மாட்டான்..." அம்மையின் மூச்சுகூடக் கேட்டது. அதற்குப் பின்னால், முற்றத்திலிருந்து வருவதுபோல, ஒரு ஆண்குரல்: "எம்மா!"

அம்மை பேச்சை நிறுத்தினாள். "இதா வாறேன். நில்லு மக்கா." நாடா அதோடு முடிந்தது.

"கேட்டியாலே?"

"கேட்டேன்."

"யாருக்க சத்தம்?"

"உனக்க சத்தமாக்கும்."

அவள் அதைப் பேசிய நாட்களில் நீ துபாயில் இருந்தாய். அது நம் இருவருக்கும் தெரியும். நீ அழவில்லை. இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்தாய். யாரோ ஏறுவதற்காகக் காத்திருப்பதுபோல நின்றாய். பிறகு மெதுவாகச் சாத்தினாய்.

வழி நெடுக நீ குழி பார்த்து ஓட்டினாய். நான் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. உன் வீட்டு முற்றத்தில் மறுபடியும் அந்தக் கதவைத் திறந்து, "எம்மா, வீடு வந்தாச்சு, இறங்கு," என்றாய்.

நீ அப்புறம் துபாய்க்குத் திரும்பவில்லை. அந்த அம்பாசடரையே டாக்சியாக ஓட்டி, கல்யாணம் கட்டி, நிம்மதியாக வாழ்ந்தாய். அந்தக் கேசட்டை நீ பிறகு கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லாமலே வைத்திருந்தேன். அன்று நீ இறங்கச் சொன்னபோது நான் வண்டிக்கு வெளியே, பின்சக்கரத்தின் பக்கம்தான் நின்றிருந்தேன். உள்ளே யாரும் இல்லை. ஆனாலும் வண்டியின் பின்பக்கம், ஒரு ஆள் இறங்கினால் எழும்புமே, அந்த அளவு மெல்ல எழும்பியது.