கைக்குள் கேட்ட மழைச் சத்தம்

லே தம்பி,

கையெழுத்து கோணலாக இருக்கும், குறை சொல்லாதே. இப்போதுதான் இந்தக் கையில் கரண்டு வைத்து, ஊசி குத்தி, துடைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாங்கி வைத்த சாயா ஆடை கட்டிவிட்டது.

காலையில் பரிசோதனை அறைக்கு வெளியே காத்திருந்தபோது பக்கத்து நாற்காலி அம்மாளிடமிருந்து குழம்பு வாசனை வந்தது. சோற்றுக்கு ஊற்றுவது என்று நினைத்து மெட்ராஸ் மாமா ஒருமுறை பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்து முகம் சுளித்தாரே, கைகால் வலிக்குத் தேய்க்கிற அந்தக் கெட்டித் தைலம்தான். அறைக்குள்ளிருந்து வந்த டெக்னீஷியன் பெண் அந்த அம்மாளின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அய்யோ அம்மே, எண்ண தேய்க்கான் பாடில்லன்னு எழுதித் தந்ததல்லே?" என்று மலையாளத்தில் கத்தினாள். அந்த அம்மாள் கொஞ்சமும் அசரவில்லை. "எண்ண தேச்சில்ல மோளே, குழம்பா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்த நானும் இதையேதானே சொன்னேன்? எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று சீட்டில் போட்டிருந்ததை இரண்டு தடவை படித்தேன். படித்துவிட்டுத்தான் காலை ஆறு மணிக்கு உன் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் குழம்பை அப்பினேன். அது மருந்தாயிற்றே, எண்ணெய் எப்படி ஆகும்? கரண்டு வைக்கப் போகிறார்கள், நரம்பு கொஞ்சம் தெம்பாக இருக்கட்டும் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல! ஸ்பிரிட் வைத்து நாலு தடவை துடைத்தும் கரண்டு வைக்கிற ஒட்டுப் பட்டைகள் உன் தோலில் நிற்கவில்லை. ஒட்ட ஒட்ட வழுக்கிக்கொண்டு வந்தன. கடைசியில் வேறு தேதி எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து.

நீ பொன்முடி மலைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர். பெல் அடிக்கிற கயிற்றை இழுக்க வலது கையில் பலம் இல்லை என்று ஒருநாள் என்னிடம் வந்து சொன்னாய். "வலியே இல்லக்கா, மரத்தும் போகல. பெலம்தான் இல்ல." கல்லாறு தாண்டி வளைவு ஏறும்போது கம்பியைப் பிடித்து நிற்கவே பயமாக இருக்கிறது என்றாய். உன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே மேடாக இருக்க வேண்டிய இடம் குழிந்து கிடந்தது. வேலை அலுப்பு என்று சொல்லித்தான் குழம்பு பாட்டிலை எடுத்தேன்.

என்னால் தேதி தள்ளிப்போய்விட்டதே என்று நான் பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். நீ என்ன செய்தாய்? "மூணு வாரம் லீவு வாங்கித் தந்துட்டல்லக்கா, வா, பொன்முடி போவோம்" என்றாய். நீ ஒன்பது வருடம் ஏறி இறங்கிய மலைக்கு நான் ஒரு தடவைகூட வந்ததில்லை. தையல் மெஷினை விட்டு எழுந்திருந்தால்தானே. அன்றைக்குப் பயணியாக உட்கார்ந்த உனக்கு இருப்பே கொள்ளவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தாய். டீ எஸ்டேட் லயத்து வீடுகளில் இருக்கிற பெண்கள் ஏறியதும் உன்னைப் பார்த்து, "என்ன சாரே, டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேலி செய்தார்கள். மேலே பனிக்குள் நின்றுகொண்டு, குளிரில் பல் கிட்ட, "நல்ல வேளை குழம்பு தேச்ச" என்று நீ சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. நோய்க்கு இன்னும் பெயர் வைக்காத மூன்று வாரம் அது. நாம் அவ்வளவு சிரித்தது அதற்குப் பிறகு கிடையாது.

அப்புறம் அந்தத் தேதியும் வந்தது. முதலில் கரண்டு. ஒவ்வொரு அடிக்கும் உன் பெருவிரல் தானாகத் துள்ளியது. பிறகு டாக்டர் மெல்லிய ஊசியைத் தசைக்குள் இறக்கினார். தசைக்குள் நடப்பது திரையில் கோடாகவும் ஸ்பீக்கரில் சத்தமாகவும் வரும் என்றார். கையைத் தளர்த்திப் போடச் சொன்னார். தளர்த்தினாய். ஸ்பீக்கரில் தகரக் கூரை மேல் மழை விழுகிற மாதிரி சடசடவென்று ஒரு சத்தம். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏலே, உன் கைக்குள்ள மழ பெய்யுது பாரு" என்றேன். நீயும் சிரித்தாய். டாக்டர் சிரிக்கவில்லை. முன்கையில் குத்தினார், தோளில் குத்தினார், காலில் குத்தினார். எல்லா இடத்திலும் அதே மழை. சும்மா கிடக்கிற தசையில் சத்தமே வரக் கூடாது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நரம்பு கைவிட்ட தசை போடுகிற சத்தமாம் அது. அதைக் கேட்டு நான் சிரித்தேனே தம்பி. அந்த வாயை என்ன செய்தால் தகும்?

அந்த நோய் கையிலிருந்து காலுக்கும், காலிலிருந்து தொண்டைக்கும் ஏறி, கடைசியில் உன்னையே கொண்டுபோனதை இங்கே எழுத மாட்டேன். உனக்குத் தெரியாததா.

என் சங்கதிக்கு வருகிறேன். எட்டு மாதமாக என் வலது கை சரியில்லை. கத்தரிக்கோல் நழுவுகிறது. ஊசியில் நூல் கோக்கப் பத்து நிமிடம். ஒருநாள் பிளவுஸ் வெட்டும்போது தற்செயலாகக் கையைத் திருப்பினேன், பெருவிரல் மேடு வற்றியிருந்தது. உன் கை. அச்சாக உன் கை. கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அத்தான் கேட்டால் வயதாகிறது என்பேன். உன்னைப் பார்த்துக்கொண்ட வீடு அது; அந்தப் பேச்சை மறுபடியும் எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. நிமிடத்துக்கு ஒரு தடவை கையைக் கையோடு ஒட்டிவைத்து அளந்து பார்ப்பேன். கண் இமை துடித்தால்கூட ஆரம்பித்துவிட்டது என்று கண்ணாடி முன்னால் போய் நிற்பேன். கூடப் பிறந்தவர்களுக்கு வருமா என்று அன்றைக்கு உன் டாக்டரிடம் கேட்டதற்கு, "மிக்கவாறும் வரில்ல" என்றார். பெரும்பாலும் வராது என்றால், வரவும் செய்யும் என்றுதானே அர்த்தம்? எட்டு மாதமும் அந்தப் பெரும்பாலும் என்கிற சொல்லோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

இன்றைக்கு லைனிங் துணி வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்தேன். பயத்தில் கை ஐஸாகக் குளிர்ந்து கிடந்தது. கை குளிர்ந்திருந்தால் கணக்குத் தப்பாக வருமாம். அந்தப் பெண் வெந்நீரில் முக்கி வைத்துச் சூடாக்கினாள். "பேடிக்கண்டா சேச்சி" என்று தைரியம் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்? கரண்டைப் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் டாக்டர் ஊசியோடு வந்தார். உன்னைப் பார்த்தவர் இல்லை, இவர் வேறு, சின்ன வயது.

பெருவிரல் மேட்டில் ஊசியை இறக்கினார். "கை அயச்சு விடு சேச்சி." தளர்த்தினேன். ஸ்பீக்கரில் சட், சட், சடசட.

தம்பி, அந்த நேரத்தில் நான் உன்னை நினைக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என்னைத்தான் நினைத்தேன். யார் எனக்குச் சோறு ஊட்டுவார்கள், யார் என்னைப் புரட்டிப் போடுவார்கள் என்று நினைத்தேன். கட்டில் விளிம்பை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் ஊசியை எடுத்து முன்கையில் குத்தினார். காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். ஒரு சத்தமும் இல்லை. மிஷின் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். "ஸ்பீக்கர் ஓடுதா டாக்டர்?" என்று கேட்டேன். "ஓடுந்நுண்டு" என்றார். சுண்டுவிரல் பக்கத்துத் தசையில் குத்தினார். சத்தம் இல்லை. தோளில், காலில், எங்கேயும் இல்லை. மடக்கச் சொன்னபோது மட்டும் படபடவென்று நல்லபடியாக ஒலித்து, விட்டதும் அடங்கியது.

"இதே மாதிரி ஒருத்தனுக்கு எல்லா இடத்திலயும் கேட்டுது டாக்டர். என் தம்பி" என்றேன். அவர் கையைத் துடைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தூக்கத்தில் கை மரத்துப் போகிறதா, உதறினால் சரியாகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதைப் பெரிதாக நினைக்கவே இல்லை பார், எட்டு மாதமாகப் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தவள். மலையாளமும் தமிழும் கலந்து, மணிக்கட்டுக்குள் ஒரு நரம்பு நெருங்கிக் கிடக்கிறது, அது போகிற இடத்தில் மட்டும்தான் அந்தச் சத்தம், தையல்காரர்களுக்கு வருவதுதான், ஒரு சின்ன ஆபரேஷன் போதும் என்றார். "தம்பிக்கு வந்நது இதல்ல. அது வேற."

நான் தேம்பித் தேம்பி அழுதேன். அந்த ஆபரேஷனுக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்து, அந்தப் பெண் என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

எதற்கு அழுதேன் என்று உன்னிடம் மறைக்கப் போவதில்லை. சந்தோஷத்தில் அழுதேன். உன் நோய் எனக்கு இல்லை என்று கேட்டதும் உடம்பு முழுக்க அப்படி ஒரு சந்தோஷம், பாழாய்ப் போன சந்தோஷம். நீ அந்தக் கட்டிலிலிருந்து எழுந்து சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றபோது, 'அது வேற' என்று உனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. நான்தான் பொத்தானைப் போட்டுவிட்டேன். நீ சட்டையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பார்வையோடுதான் இனியும் நான் துணி வெட்ட வேண்டும், சோறு தின்ன வேண்டும், சிரிக்க வேண்டும்.

அத்தானுக்கு இன்னும் போன் செய்யவில்லை. எட்டு மாதப் பயத்தை உன்னோடு மட்டும்தான் வைத்திருந்தேன். முடிவையும் முதலில் உனக்குத்தானே சொல்ல வேண்டும்? சொல்ல வெட்கமாக இருக்கிறது. கோபப்படாதே லே.

என் கை சரியாகிவிடுமாம்.

அக்கா