கேட்காமல் எழுதிய பெயர்

அண்ணே,

இன்று எங்கள் பள்ளிக்கூடம் திறந்த நாள். காலை ஒன்பது மணியிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்து முதுகு விட்டுப்போய்விட்டது. புதுப் பதிவேட்டுக்கு ஒரு பசை வாசனை உண்டு. அதோடு மை வாசனையும் சேர்ந்தால் எனக்கு இப்போதெல்லாம் தலை வலிக்கிறது. பதினொரு மணி இருக்கும், ஒரு அம்மா தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தி, "பேரு குப்பைங்க சார்" என்றாள்.

பேனா நின்றுவிட்டது. "குப்பை என்றே எழுதிவிடட்டுமா?" என்று கேட்டேன். சரி என்றாள். எழுதப் போனவன் திரும்பவும் கேட்டேன். "அதான் சொல்றேனே சார், எத்தனை வாட்டி கேப்பீங்க?" என்று கடுகடுத்தாள். எழுதினேன். பக்கத்து மேசையில் இருக்கும் புது ஆசிரியர், இருபத்து நான்கு வயதுப் பிள்ளை, என் பக்கம் சாய்ந்து, "நீங்களாவது நல்ல பேரா ஒண்ணு வச்சு விடக்கூடாதா சார்?" என்றார். நான் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் இல்லை என்று போன மாதம்தான் தெரிந்தது. உங்கள் தோட்டத்திலிருந்து துறையூர்ப் பக்கம் வந்து சேர்ந்த ஒருவர் என்னைத் தேடி வந்து சொன்னார். மழையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தீர்களாம். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தீர்களாம். அவ்வளவுதான் என்றார். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு நான் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போனேன், கணக்குப் பாடம் நடத்தினேன், ஒன்றும் நடக்காத மாதிரி வீட்டுக்கு வந்தேன். அழுகை வரவில்லை. அழுவதற்கு எனக்கு உரிமை உண்டா என்றே தெரியவில்லை.

நான் இலங்கைக்கு, உங்கள் பொகவந்தலாவைக்கு வந்தபோது எனக்கும் இருபத்து நான்கு வயதுதான். தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் ரயில் பிடித்து, ஹட்டனில் இறங்கி, அந்த வளைந்து வளைந்து போகும் ரோட்டில் பஸ்ஸில் மூன்று முறை வாந்தி எடுத்து, கடைவீதியில் வந்து நின்றேன். தோட்டத்து வாசிகசாலைக்காரர்கள் எங்கள் ஊர்ப் பத்திரிகை ஒன்றில் கேட்டிருந்தார்கள். எண்பது பிள்ளைகளுக்கு ஒரே வாத்தியார், அவரும் வயதானவர், உதவிக்கு யாராவது வருவீர்களா என்று. பயிற்சி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த எனக்கு அது தொண்டாகத் தெரிந்தது. சம்பளம் வேண்டாம் என்று பெருமையாகப் பதில் போட்டேன். என் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு மலை ஏறியவர் நீங்கள்தான். பாதி வழியில், சம்பளம் வேண்டாம் என்று நான் எழுதியதைக் கேட்டு நின்றுவிட்டீர்கள்.

"சம்பளம் பத்தாம வேலை செய்ய நாங்க இருக்கோம். சம்பளமே இல்லாம செய்ய நீங்க வந்திருக்கீங்களா சார்? நல்லாத்தான் இருக்கு போங்க."

மூச்சு வாங்கியதில் என்னால் சிரிக்கக்கூட முடியவில்லை. நீங்கள் தலையில் பெட்டி குலுங்கச் சிரித்தீர்கள்.

தொண்டு என்பது எவ்வளவு அலுப்பான காரியம் என்று யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. பள்ளிக்கூடம் என்பது பிள்ளைக் காம்பரா என்று சொல்லும் அறையின் ஒரு பாதி. மறு பாதியில் கொழுந்து எடுக்கப் போன தாய்மாரின் கைக்குழந்தைகள் கத்திக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் நான் அதற்கு மேல் கத்தி வாய்ப்பாடு சொல்ல வேண்டும். பாதிப் பேர் இடுப்பில் தம்பி தங்கையோடு வருவார்கள். மழை பெய்தால் தகரக் கூரையின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டுச் சும்மா நிற்பேன். காலில் அட்டை கடித்த இடம் ஆறாது. பன்னிரண்டு வயதானால் பிள்ளையின் பெயர் பெரட்டில், காலை வேலையாள் கணக்கில், ஏறிவிடும், மறுநாள் அது கூடையோடு மலைக்குப் போய்விடும். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய பிள்ளை அப்படிப் போகும்போது எனக்கு அன்று முழுவதும் யாரோடும் பேசப் பிடிக்காது.

சாப்பாடு லயத்து வரிசை வீடுகளில் முறை வைத்துக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு முறை. மதினி ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் வைத்து, தேத்தண்ணியோடு அடுப்புப் பக்கத்தில் எனக்கு இடம் போடுவார்கள். உங்கள் ஒரே மகள் என் எதிரில் உட்கார்ந்து நான் எத்தனை ரொட்டி தின்கிறேன் என்று எண்ணுவாள். அந்தக் குளிரில் அந்த அடுப்பு ஒன்றுதான் எனக்கு வீடு மாதிரி இருந்தது.

அவள் பெயர் குப்பாயி.

எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அந்த நாளில் எங்கள் ஊரில் வாலிபர்கள் எல்லாரும் பெயரைத் தூய தமிழில் மாற்றிக்கொண்டிருந்தோம், மேடைக்கு மேடை அதுதான் பேச்சு. அந்தச் சூடு என் உடம்பில் அப்படியே இருந்தது. பெரிய வாத்தியாருக்குக் கை நடுக்கம், என் எழுத்து அழகாக இருக்கிறது என்று பதிவேட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். புது வருஷப் பதிவேட்டில் மூன்று பிள்ளைகளின் பெயரை நானே மாற்றி எழுதினேன். பிச்சையை வள்ளல் ஆக்கினேன். மண்ணாங்கட்டியை மணிமாறன் ஆக்கினேன். குப்பாயியைத் தேன்மொழி ஆக்கினேன். யாரையும் கேட்கவில்லை. நல்லது செய்வதற்கு எதற்கு அனுமதி என்று நினைத்தேன்.

மற்ற இரண்டு தகப்பன்மாரும் மறுநாளே வந்து சண்டை போட்டு, புதுப் பெயரை அடித்துவிட்டுப் பழையதை எழுத வைத்துவிட்டார்கள். நீங்கள் வரவில்லை. "வாத்தியாரு ஆசையா வச்ச பேரு, கெடக்கட்டும்" என்றீர்கள். மதினிக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ரொட்டியை என் தட்டில் போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள்.

"இவளுக்கு முன்னாடி ரெண்டு தங்கலைங்க. ஒண்ணு பதினஞ்சு நாளு, ஒண்ணு மூணு மாசம். இவ பொறந்தன்னிக்கு லயத்துக் குப்பையில கொண்டுபோய்ப் போட்டோம். அடுத்த காம்பரா அக்கா எடுத்துக்கிட்டு வந்தாங்க. ஒரு கை தவுடு குடுத்து நான் வாங்குனேன். அந்தப் பேருதாங்க இவள இருக்க வச்சிருக்கு."

நான் என்ன செய்தேன் தெரியுமா அண்ணே? மூடநம்பிக்கையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். வாயில் அவர்கள் சுட்ட ரொட்டி. அவர்கள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார்கள். நீங்கள் பேச்சை மாற்ற, வட்டவளையில் ரயில் தடம் புரண்ட கதையைச் சொன்னீர்கள்.

குப்பாயிக்கு முதலில் அது தன் பெயர் என்றே நினைவிருக்காது. "தேன்மொழி" என்று கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்ப்பாள், யாரைக் கூப்பிடுகிறேன் என்று. பிறகு பக்கத்துப் பிள்ளை இடித்ததும் "உள்ளேன் ஐயா" என்று கத்துவாள். நான் விடாமல் பழக்கினேன். பெரியவர்கள் யார் கேட்டாலும் தேன்மொழி என்றுதான் சொல்ல வேண்டும், அழுத்திச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

அதற்குள் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு நீங்கள் மனுப் போட்டிருந்தீர்கள். நம் ஆட்கள் நிறையப் பேர் காகிதம் தேட அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். நீங்கள் விடவில்லை. எதற்கு இந்தப் பாடு என்று ஒரு நாள் கேட்டேன். கவ்வாத்துக் கத்தியால் எல்லைப் பக்கம், சவுக்கு மரங்களுக்குக் கீழே காட்டினீர்கள். "ரெண்டு புள்ளைய அங்கன பொதைச்சிருக்கோம் சார். நாளைக்கு எந்திரிச்சுப் போன்னு சொன்னா எங்கிட்டுப் போறது?"

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பிறந்த சான்று, தோட்டத்துக் காகிதம் எல்லாம் சரியாக இருந்தது. மகள் இங்கேயே இருக்கிறாள் என்பதற்குப் பள்ளிக்கூடப் பதிவேட்டையும் கேட்டிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு நான் கூட வந்தேன். முதல் பஸ்ஸில் நாம் நான்கு பேரும் போனோம். மதினி துவைத்த சேலை கட்டியிருந்தார்கள். குப்பாயிக்கு ஜன்னல் பக்கம்.

பதிவேட்டை அதிகாரி புரட்டினார். மொழிபெயர்ப்பவர் விரலை வைத்து வரி வரியாகத் தேடினார். குப்பாயி என்ற பெயர் அதில் இல்லை. உங்கள் பெயரைத் தகப்பன் என்று போட்ட இடத்தில் தேன்மொழி இருந்தாள். அப்போதுதான் நான் செய்து வைத்தது எனக்குப் புரிந்தது. அண்ணே, அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை, சத்தியமாகத் தோன்றவில்லை.

அதிகாரிக்கு விஷயம் எளிமையாகத் தெரிந்தது. உங்களுக்கு இரண்டு பெண்கள். குப்பாயி இந்தியாவில் சொந்தக்காரர் வீட்டில் வளர்கிறாள், தேன்மொழி இங்கே படிக்கிறாள், குடும்பம் அங்கும் இங்குமாக இருக்கிறது, ஒருத்தியை மனுவில் மறைத்துவிட்டீர்கள் என்று முடிவு கட்டினார். அவர் பிள்ளையையே கேட்டார். "உன் பேர் என்ன?"

அவள் உங்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி அழுத்தமாக, "தேன்மொழி" என்றாள். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். இந்தப் பெயரை எழுதியது யார்? நான் என்றேன். யார் சொல்லி எழுதினாய்?

நான் இலங்கையில் தங்குவதற்கான தற்காலிக அனுமதி அந்த மாதம் முடிய இருந்தது. புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். பதிவேட்டில் இஷ்டத்துக்குக் கை வைத்த வெளிநாட்டு ஆள் என்று தெரிந்தால் அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று பயம். இதெல்லாம் யோசித்துச் சொன்னேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பெற்றோர் சொல்லித்தான் எழுதினேன்."

மதினி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்கள். அவர்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

"ஆமாங்கய்யா. நான்தான் சொன்னேன்."

"அப்படியானால் குப்பாயி யார்?"

"அதுவும் இவதாங்கய்யா."

மொழிபெயர்த்தவர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஒரு கடையில் எனக்குப் பனிசு ரொட்டியும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தீர்கள். "சாப்பிடுங்க சார், காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல" என்றீர்கள். பிறகு மெதுவாக, மதினிக்குக் கேட்காமல் சொன்னீர்கள். "நீங்க போயிட்டா எம்பது புள்ளைகளுக்கு யாரு சார் இருக்கா? அதான் ஆமான்னேன்." பிள்ளைகளுக்காக நான் பொய் சொன்னதாக நீங்களே எனக்கு ஒரு காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டீர்கள். நான் அதற்கும் தலையாட்டினேன். இரண்டு பொய்யில் எனக்கு இதுதான் அதிகமாக வலிக்கிறது.

மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. நான்தான் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். "சரிங்க சார்" என்று மடித்து வாங்கிக்கொண்டீர்கள். மேன்முறையீடு செய்யலாம், நான் போய் உள்ளதைச் சொல்கிறேன் என்று அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். அடுத்த வாரம் என் அனுமதியையும் மறுத்துவிட்டார்கள். பொய் சொல்லியும் ஒன்றும் மிஞ்சவில்லை. நான் புறப்பட்ட அன்று என் பெட்டியைத் திரும்பவும் நீங்கள்தான் சுமந்தீர்கள். மதினி வாசலுக்கு வரவில்லை. அவர்கள் வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

ஊருக்கு வந்து உங்களுக்கு நான்கு கடிதம் போட்டேன். நலம், நலமறிய ஆவல். பிள்ளைகள் படிப்பு எப்படி. மழை எப்படி. இந்த விஷயத்தை ஒன்றிலும் எழுதவில்லை. போன மாதம் வந்தவரிடம், மதினியும் மகளும் இப்போது எந்த நாட்டுக் கணக்கில் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "எந்தக் கணக்குலயும் இல்லீங்க" என்றார். இந்தியாவுக்குப் போகிறவர்கள் பெயர் கொடுக்கச் சொல்லி அதிகாரிகள் வருகிறார்களாம். போகிறதா இருக்கிறதா என்று கேட்டால், மதினி சவுக்கு மரத்துப் பக்கம் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்களாம்.

எனக்கு இப்போது எல்லாவற்றிலும் அலுப்பு அண்ணே. நல்லது செய்கிறேன் என்று யாராவது சொன்னால் பயமாக இருக்கிறது. உங்களுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை, மன்னிப்புக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. அந்த அறையில் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான், அதற்கு நான் சொல்ல வேண்டிய பதில் இன்னும் என் தொண்டையிலேயே இருக்கிறது. அதிகாரியும் இல்லை, நீங்களும் இல்லை. மதினிக்கு வாசித்துக் காட்ட அங்கே யாராவது எழுத்துத் தெரிந்தவர் இருப்பார்கள். அதனால் இதை அவர்கள் பெயருக்கே அனுப்புகிறேன், கீழே என் கையெழுத்தும் விலாசமும் போட்டு. எந்த விசாரணையில் வேண்டுமானாலும் காட்டட்டும்.

ஐயா, இவள் பெயர் குப்பாயி. இவர்களுக்கு ஒரே பிள்ளை. தேன்மொழி என்று எழுதச் சொல்லி என்னிடம் யாரும் சொல்லவில்லை.